மதியத்துக்கு மேல் ஓடாத கம்ப்யூட்டர்

காலை நேரத்தில் அது தங்கமான கம்ப்யூட்டர். சொன்ன பேச்சைக் கேட்கும். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அதற்குப் பிசாசு பிடித்துவிடும். மவுஸ் அம்பு திரையின் நடுவில் அப்படியே நிற்கும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் இருக்காது. ஆஃப் செய்து ஆன் செய்தால் பாதி தூரம் வந்து மறுபடியும் நிற்கும். வெயில் இறங்கி, எதிர்க் கட்டிடத்தின் நிழல் எங்கள் மாடியில் விழ ஆரம்பித்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்காரும். அந்த நேரம் பார்த்து எனக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதுதான் என் டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, டியூஷன் நோட்டீஸ் என்று வருவதையெல்லாம் தமிழில் அடித்து, பிரின்ட் எடுத்து, பிரஸ்ஸுக்குக் கொடுப்பேன். அதற்கு முன்னால் குரோம்பேட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் டீச்சராக இருந்தேன். நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்கார்ந்தால் மேடம் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அங்கே திரும்பப் போகச் சொன்னால் செங்கல்பட்டு வண்டியில் ஏறி எங்கேயாவது போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. என்னைவிட ரொம்பப் பெரியவன். அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் எல்லாம். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்து, ஹாலில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி, ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனே சேர்த்தான். நான் குனிந்து பார்த்தால், “தள்ளி நில்லு, மூச்சுப் படப் போகுது,” என்பான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அத்தனை பதமாகச் செய்தான். அதை மறுக்க மாட்டேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதுப் பொருள் புதுசாகவே இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அவனுடைய ஸ்கூட்டர் சீட்டில் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் வருடக்கணக்காக அப்படியே இருந்தது. வெயிலில் பின்னால் உட்கார்ந்து போனால் இறங்கும்போது சுடிதாரோடு தோலும் உரிகிற மாதிரி இருக்கும். டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும். எந்தப் பட்டனை அமுக்குகிறோம் என்று அதன் வழியாகத் தெரியாது. சூட்கேசுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு பழைய புடவை. இதையெல்லாம் சொல்லி வீட்டில் எல்லோரும் அவனைக் கேலி செய்வோம். அவன் சிரிப்பான். ஆனால் ஒரு கவரையும் பிரிக்க விடமாட்டான்.

என் கடையின் போர்டுக்கும் அதே கதிதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஆர்ட்டிஸ்டிடம் சொல்லி, தகரத்தில் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக அண்ணன்தான் எழுதி வாங்கிவந்தான். பாலிதீன் சுற்றி பிரவுன் டேப் ஒட்டி வந்தது. “வியாபாரம் ஒரு நிலைக்கு வரட்டும். இப்பவே மாட்டினா வெயில்ல பெயின்ட் போயிடும்,” என்று அறைக்குள் மேற்குப் பக்கத்து ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டான். அது சாயங்கால வெயிலை மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றது. வருகிறவர்கள் பாத்திரக் கடையில் விசாரித்துக்கொண்டுதான் மேலே ஏறி வந்தார்கள்.

மார்ச் மாதம் ஆரம்பித்த தொல்லை இது. அதற்கு முன்னால் குளிர்காலம் முழுக்க மெஷின் ஒழுங்காக ஓடியது. நின்றுபோக ஆரம்பித்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வைரஸ் என்றார் ஒருத்தர். கரண்ட் சரியில்லை, ஸ்டெபிலைசர் மாற்று என்றார் இன்னொருத்தர். பத்திரிகை அடிக்க வந்த ஒரு மாமி, கண்ணு பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்றார். அதையும் செய்தேன். மெஷினுக்கு அதெல்லாம் ஒத்துவரவில்லை.

ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியை பெட்ஷீட்டில் மூட்டை கட்டி, தாம்பரத்தில் லேடீஸ் பெட்டியில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு பார்க் ஸ்டேஷன் வரைக்கும் பயணம். பக்கத்தில் பூக்காரம்மா, “இன்னாம்மா, டிவியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அங்கே சர்வீஸ் கடையில் ஏ.சி. அறை. உள்ளே போனதும் எனக்கே நெஞ்சு குளிர்ந்தது. மெஷினுக்குக் கேட்கவா வேண்டும்? சர்வீஸ்காரர் அதைச் சாயங்காலம் வரை ஓட்டிக் காட்டினார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“எங்ககிட்ட நல்லாதானே ஓடுது மேடம்.”

“எங்க ரூம்ல மதியம் நின்னுடுது சார்.”

“கம்ப்ளைன்ட் வரும்போது கொண்டு வாங்க.”

“உங்க ரூம்ல கம்ப்ளைன்ட் வராதே.”

“அப்ப கம்ப்ளைன்ட் இல்லன்னுதான் அர்த்தம்,” என்று ஃபார்மட் அடித்து, விண்டோஸ் போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார். பல்வலிக்காரன் டாக்டரைப் பார்த்ததும் வலி நின்றுபோய் முழிப்பானே, அப்படித்தான் நான் முழித்தேன். மறுநாள் மதியம் தாம்பரத்தில் அது வழக்கம்போல நின்றது. இன்னொரு தடவையும் தூக்கிக்கொண்டு போய் அதே பதிலை வாங்கிவந்தேன்.

அண்ணனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. “மெஷின்ல குறை இல்ல. நீதான் எதையோ பண்றே.”

“என்ன பண்றேன்?”

“பத்து ஃபைலை ஒரே நேரத்துல திறந்து வெச்சுக்கறே. கீபோர்டைப் போட்டு அடிக்கறே. எந்தப் பொருளையும் பதமாப் பிடிக்கத் தெரியாது உனக்கு. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையில் மவுஸ் இருந்தது. எறிந்தால் அவன் சொன்னது உண்மையாகிவிடும் என்பதற்காக மட்டும் எறியவில்லை.

ஏப்ரல் கடைசியில் சேலையூர்ப் பக்கத்து ஒரு பள்ளியின் கரஸ்பாண்டன்ட் அம்மா, பாத்திரக் கடையில் குக்கர் வாங்க வந்தவர், விசாரித்துக்கொண்டு மேலே வந்தார். பள்ளி திறப்பதற்குள் மாணவர் டைரி முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துத் தர வேண்டும். நன்றாகச் செய்தால் கேள்வித்தாள், ரிப்போர்ட் கார்டு எல்லாம் வருடம் முழுக்க எனக்கே வரும். அதுவரை எனக்கு வந்ததெல்லாம் ஒற்றைப் பக்க வேலைகள். இது கடையை நிமிர்த்திவிடுகிற வேலை. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்து சொன்னான். “இந்த மெஷினை ஓட வெச்சு டைரியை நீ முடிச்சுட்டா கடை உன்னுது, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். முடியலேன்னா மே மாசத்தோட ரூமைக் காலி பண்ணிடலாம். மெஷினை வேற யாருக்காவது கொடுத்துடறேன். ஸ்கூல்ல உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம், விசாரிச்சுட்டேன்.”

விசாரித்தும் விட்டான்! அதுதான் என்னைச் சுட்டது. நான் தோற்றுவிடுவேன் என்று முடிவு கட்டிவிட்டு வந்து பந்தயம் கட்டுகிறான். கடையை மூடுவதில்லை என்று அந்த நிமிடமே எனக்குள் சொல்லிக்கொண்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தது. கூரையில் கோணிச் சாக்கை நனைத்துப் போட்டேன், அரை மணியில் காய்ந்து மொறமொறவென்று ஆனது. கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு என் டேபிள் ஃபேனை அதன்பக்கம் திருப்பி வைத்தேன். எனக்குக் காற்று போனதுதான் மிச்சம். ஆனால் ஃபேன் வைத்த நாட்களில் மெஷின் கொஞ்சம் தாமதமாக நின்றது. ஒருநாள் வானம் மூடிக்கொண்டு கோடை மழை பெய்தது. அன்று பொழுது சாயும் வரை நிற்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறுதியானது. வைரஸும் இல்லை, கண்ணும் இல்லை. சூடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனைப் பிடிவாதமாக மாடிக்கு இழுத்துவந்தேன். அவன் எதிரிலேயே மெஷின் நின்றது. “சூடுதான் காரணம். பாரு,” என்றேன். அவன் கேபினெட்டுக்குள் குனிந்தான். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர், மதர்போர்டின் மேல் ஒரு சின்ன பிஸ்கட் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதற்காக அதன் தலைமேல் அலுமினியத்தில் வரிவரியாக ஒரு கட்டி. அதற்குப் பெயர் ஹீட் சிங்க். அதற்கும் மேலே ஒரு குட்டி ஃபேன். அண்ணன் அந்த அலுமினியத்தைத் தொட்டான். பிறகு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான்.

சூடே இல்லை. அந்த அறையில் நாற்காலியும் மேஜையும் என் தலைமுடியும்கூடக் கொதித்துக்கொண்டிருந்தன. அது மட்டும் குட்டி ஃபேன் காற்றில் சொகுசாக இருந்தது.

“ஃபேன் சுத்துது. அலுமினியம் ஜில்லுனு இருக்கு. இதுக்கு மேல ப்ராசசருக்கு என்ன வேணும், இளநியா?” என்றான் அண்ணன்.

அவன் படியிறங்கிப் போகும்போது, “மே மாசம் ஞாபகம் இருக்கட்டும்,” என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அவன் ஸ்கூட்டர் சத்தம் முடிச்சூர் ரோடு பக்கம் போய் மறைகிற வரைக்கும் அந்த அலுமினியத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் நின்றது. நான் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா தோசை கட்டிக் கொடுத்திருந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தபோது மண்டையில் ஏதோ உறைத்தது. தோசைக்கல் சூடாகவில்லை என்றால் என்ன அர்த்தம்? அடுப்பு எரியவில்லை, இல்லையென்றால் கல் அடுப்பின்மேல் உட்காரவில்லை. சூட்டை வாங்குவதற்கென்றே வைத்த அலுமினியம் ஜில்லென்று இருப்பது நல்ல சேதியா, கெட்ட சேதியா? அண்ணனும் நானும் அதைத் தொட்டுப் பார்த்து நிம்மதியடைந்தோமே, அடுப்பில் வைத்த கல் ஜில்லென்று இருந்தால் யாராவது நிம்மதியடைவார்களா?

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மெஷின் இன்னும் ஆனில்தான் இருந்தது. அலுமினியத்துக்கு அடியில், ப்ராசசரின் விளிம்பு லேசாகத் தெரிந்த இடத்தில் விரலைக் கொடுத்தேன். சுரீரென்றது! விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் குதித்தேன். வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி. மேலே ஜில்லென்று இருக்கிறது, அடியில் கொதிக்கிறது. நடுவில் யாரோ சூட்டை மேலே போகவிடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கரண்ட்டை எடுத்துவிட்டு, சூடு ஆறும் வரை காத்திருந்து, ஸ்குரூ டிரைவரால் ஹீட் சிங்க்கின் கிளிப்பை நெம்பினேன். அண்ணன் கையால் பூட்டியதற்குப் பிறகு யாரும் தொடாத இடம் அது. டப்பென்று கிளிப் விட்டது. ஹீட் சிங்க்கைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியில், ப்ராசசரோடு ஒட்ட வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தைத் துணுக்கு. சூட்டைக் கடத்துவதற்காகக் கம்பெனியிலேயே ஒட்டி அனுப்பியது. அதன்மேல், அழுக்குப் படாமல் இருக்க, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். பொருத்துவதற்கு முன்னால் உரித்துப் போட வேண்டிய தாள். அது உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

மறந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஓரத்தைப் பார்த்தேன். உரிப்பதற்கு வசதியாக அந்தத் தாளில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்திருக்கும் இல்லையா, அதைக் கத்தரிக்கோலால் விளிம்போடு விளிம்பாக, பிசிறில்லாமல் நறுக்கியிருந்தான். வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே! புது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது, மெத்தை அழுக்காகக் கூடாது. ஸ்கூட்டர் சீட்டுக்குச் செய்ததையே ப்ராசசருக்கும் செய்திருக்கிறான்.

சிரிப்பு வந்தது. தனியாக அந்த வெயிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. பதமாகப் பிடிக்கத் தெரியாதவள் நானாம்! கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அவன் பட்டறைக்கு போன் போட்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்க வேண்டும் என்று படியில் பாதி வரை இறங்கிவிட்டேன். அங்கேயே நின்று யோசித்தேன். இப்போது சொன்னால், “தாள் மாதிரி இருக்கு, இதனாலயா நிக்கும்?” என்பான். வாயால் சொல்லி அவனை ஜெயிக்க முடியாது. ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். திரும்பி ஏறி வந்தேன்.

அந்தத் தாளை உரித்தபோது மெத்தையும் அதோடு பிய்ந்து பிய்ந்து வந்தது. இத்தனை நாள் சூட்டில் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. மிச்சம் மீதியைச் சுரண்டி எடுத்தேன். இப்போது மெத்தையும் இல்லை. சர்வீஸ்காரருக்கு போன் செய்து கேட்டேன். “வெறுமனே வெச்சு ஓட்டிடாதீங்க மேடம், ஹீட் சிங்க் பேஸ்ட் போடணும். இங்க கொண்டு வாங்க,” என்றார். உங்கள் ஏ.சி. அறைக்கு மறுபடி வருவதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தது அவருக்குத் தெரியாது.

பேஸ்ட் என்றதும் எனக்கு சவுண்ட் சர்வீஸ் பாய் ஞாபகம் வந்தார். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கடை. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் அவருடையதுதான். வாடகை நோட்டீஸ் நான்தான் அடித்துக் கொடுப்பேன். அவர் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது, உள்ளே அலுமினியத்துக்கு நடுவில் வெள்ளையாக எதையோ தடவுவதைப் பார்த்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும், “இன்னாம்மா, கம்ப்யூட்டர்லகூட ஆம்ப்ளிஃபயர் கீதா?” என்று சிரித்தார். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். தயிர் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அவருடைய டப்பாவையே கையில் கொடுத்துவிட்டார். “எட்த்துகினு போ. கஞ்சத்தனம் பண்ணாதே. பிரியாணிக்கு நெய் ஊத்தற மாறி நல்லா தாராளமா போடு. மெஷின் சும்மா ஜில்லுனு ஓடும்.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சூட்டுக்குக் குளிர்ச்சியாக எதையாவது பூசுவதென்றால் நம் ஊரில் யார் கணக்குப் பார்த்துப் பூசுவார்கள்? வேர்க்குருவுக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி, ப்ராசசரின் தலையே தெரியாமல் அப்பினேன். கிளிப்பை அமுக்கியதும் நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. என் விரல், துப்பட்டா, கீபோர்டு எல்லாம் வெள்ளை. ஆன் செய்தேன்.

அன்று வழக்கமாக நிற்கும் நேரத்தைத் தாண்டி ஓடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு டைரியின் விடுமுறைப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தேன். வெயில் மேற்கே சாய்ந்து, போர்டின் பாலிதீன் பளபளக்க ஆரம்பித்த நேரத்தில், அம்பு நின்றுவிட்டது.

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மே மாதம் பாதி போய்விட்டது. டைரியில் இன்னும் பாதிக்குமேல் பாக்கி. கண்ணை மூடினால் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியின் ஜன்னலும் மேடத்தின் மூக்குக் கண்ணாடியும் தெரிந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மறுபடி வீறாப்பு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

பிரித்துப் பார்த்தால், பேஸ்ட் நடுவில் கெட்டியாக அடை மாதிரி உட்கார்ந்திருந்தது. அலுமினியம் அதன்மேல் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அப்போது புரிந்தது. பேஸ்ட் எதையும் குளிர வைப்பதில்லை. அது சந்தனமும் இல்லை, நெய்யும் இல்லை. இரண்டு உலோகத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் காற்று தங்கி சூட்டை மறிக்கிறது. பள்ளத்தை நிரப்புவது மட்டும்தான் பேஸ்ட்டின் வேலை. நான் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பேஸ்ட்டால் இன்னொரு கவர் போட்டிருக்கிறேன். அண்ணனுக்குத் தங்கை என்பதை நிரூபித்துவிட்டேன்.

பிரின்டர் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்தேன். ஒரு மிளகு அளவு பேஸ்ட்டை ப்ராசசரின் நடுவில் வைத்தேன். வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருந்த லேமினேஷன் செய்த விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து, அதன் விளிம்பால் இழுத்து இழுத்துப் பரப்பினேன். ப்ராசசர்மேல் அச்சிட்ட எழுத்து மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்ததும் நிறுத்தினேன். ஹீட் சிங்க்கை நேராக இறக்கி, கிளிப்பை மாட்டினேன்.

மறுநாள் மதியம் ஓடியது. சாயங்காலமும் ஓடியது. அதற்கடுத்த நாள் வெயில் இன்னும் கொடுமை, பாத்திரக் கடைக்காரரே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் டேபிள் ஃபேனைத் திருப்பி என் பக்கம் வைத்துக்கொண்டேன். அந்த ஃபேன் என்னிடம் திரும்பி வந்ததுதான் எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஒரு வரி அடித்தால் ஒரு தரம் சேவ் கொடுக்கிற என் விரல் மட்டும், பயம் தெளியாமல் கொஞ்ச நாள் தன் பழக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. “மதியம் சாப்பிட்டதும் வா. டைரியோட கடைசிப் பக்கங்களை உன் எதிர்ல அடிக்கறேன்,” என்று அண்ணனிடம் சொன்னேன். வந்தான். கையில் ஒரு பெட்ஷீட் மடித்து வைத்திருந்தான். மெஷினை மூட்டை கட்டிக்கொண்டு போவதற்கு! நாற்காலியைக் காட்டினேன்.

அவன் உட்கார்ந்தான். நான் அடித்தேன். மாணவர்களுக்கான விதிமுறைகள் பக்கம். “எல்லாப் புத்தகங்களுக்கும் அட்டை போட வேண்டும்,” என்று அவன் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்து, “நல்ல ஸ்கூல்,” என்றான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நேரம் போனது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மெஷின் நிற்கவில்லை. கடைசிப் பக்கம் பிரின்டரில் இருந்து வெளியே வந்தது. அதை அவன் மடியில், பெட்ஷீட்டின்மேல் வைத்தேன்.

“என்ன பண்ணே?” என்றான்.

“தொட்டுப் பாரு.”

கேபினெட்டுக்குள் கையைவிட்டு ஹீட் சிங்க்கைத் தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். “கொதிக்குதே! அன்னிக்கு ஜில்லுனு இருந்துச்சே!”

“அன்னிக்கு அதுக்கு வேலையே வரலைண்ணா. இப்பதான் வேலை செய்யுது.”

டிராயரைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுத்து அவன் கையில் வைத்தேன். அதில் சாம்பல் நிற மெத்தை இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நறுக்கிய ஓரத்தை விரலால் தடவினான். மெஷினைச் சேர்த்தவன் அவன், அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் சின்னதாகிப்போனது.

“கீறல் விழக் கூடாதுன்னுதான்...” என்றான்.

“தெரியும்.”

நாலு பேர் காதில் விழக் கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் வாய் வரை வந்தது. கொஞ்சம் கேட்கவும் கேட்டேன். “கெடாம இருக்கணும்னு நீ பொத்தி வெச்சதுதான் அதைக் கொன்னுக்கிட்டிருந்துச்சு. பழி என்மேல. ஸ்கூல்ல போய் இடம் வேற விசாரிச்சே. ஒரு நாளாவது இந்தக் கடை நடக்கும்னு நீ நினைச்சியாண்ணா?” எனக்கு மெஷின் பற்றிய கோபமே இல்லை, இந்தக் கோபம்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அண்ணன் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தான். பிறகு தலையைத் தூக்கி மேற்குப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தான். போர்டு அங்கே பாலிதீனோடு சாய்ந்திருந்தது.

எழுந்து போனான். பிரவுன் டேப்பின் முனையை நகத்தால் கிள்ளி, கவர் கிழியாமல், மெதுவாக உரிக்க ஆரம்பித்தான். ஒரு விரற்கடை உரிந்ததும் அவன் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பாலிதீனை இரண்டு கையாலும் பிடித்து, சர்ரென்று ஒரே இழுப்பில் கிழித்தான். அவன் ஒரு கவரைக் கிழித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாத்திரக் கடையில் சுத்தியலும் ஏணியும் இரவல் வாங்கி வந்து, மாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தில் போர்டை மாட்டினோம். அவன் தெருவுக்கு இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்து, “கொஞ்சம் கோணலா இருக்கு,” என்று கத்தினான். “பரவாயில்ல,” என்று நானும் கத்தினேன். மேற்கு வெயில் நேராக மஞ்சள் எழுத்துமேல் விழுந்துகொண்டிருந்தது. பெயின்ட் போய்விடும் என்று அவன் சொல்லவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தால், மறைப்பு போன ஜன்னல் வழியாக அத்தனை வெயிலும் என் மேஜைமேல் கிடந்தது. கம்ப்யூட்டர் அந்த வெயிலிலும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரியவர், கையில் மஞ்சள் பையோடு, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

“பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை அடிக்கணும்,” என்றார். “கீழ போர்டு பார்த்தேன்.”

அண்ணன் எழுந்து, பெட்ஷீட்டை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டு, அவரை உட்காரச் சொன்னான்.